உயிர்க்கோழிச் சந்தையில் பறவைக் காய்ச்சல் தங்காமல் இருக்க

பண்ணையில் ஒரு தொகுதிக் கோழியை விற்று முடித்ததும் கொட்டகை காலியாகும், கழுவிக் காயவிட நேரம் கிடைக்கும். சந்தையிலும் கறிக்கடையிலும் அந்த இடைவெளி கிடையாது. நேற்று விற்காத நாலு கோழி கூண்டில் கிடக்கும்போதே இன்றைய லோடு வந்து இறங்கிவிடுகிறது. பழைய கோழி புதுக்கோழிக்கு நோயைக் கொடுக்கும். அது மறுநாள் வருவதற்குக் கொடுக்கும். ஒரு சந்தைக்குள் நுழைந்த கிருமி அங்கேயே வாரக்கணக்கில் குடியிருப்பது இப்படித்தான். ஆகவே எந்த மருந்தைத் தெளிப்பது என்ற கேள்விக்கு முன்னால், கூண்டு எப்போது காலியாகும் என்பதை முடிவு செய்ய வேண்டும்.

இதை ஹாங்காங் செய்து காட்டியது. 1997இல் அங்கே எச்5என்1 என்ற வகைப் பறவைக் காய்ச்சல் கிருமி 18 பேரைத் தாக்கி, 6 பேர் இறந்தார்கள். அதன் பிறகு வாத்தையும் கோழியையும் ஒரே கடையில் உயிரோடு விற்பதை நிறுத்தினார்கள். 2001 முதல் எல்லாக் கடைகளும் ஒரே நாளில் காலியாகும் ஓய்வு நாள் வந்தது. 2002இல் காடை விற்பனை நின்றது. 2008இல் கடையில் இரவு முழுக்க உயிர்க்கோழி வைப்பதற்கே தடை போட்டார்கள். அந்தத் தடைக்குப் பின் சந்தைக் கோழிகளில் எச்9என்2 என்ற இன்னொரு வகைப் பறவைக் காய்ச்சல் கிருமி கிடைப்பது 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது.

இரவில் கூண்டு காலி

அன்றைய விற்பனைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவே இறக்குங்கள். மாலையில் மிஞ்சுவதை வெட்டிச் சுத்தம் செய்து குளிர்பெட்டியில் வையுங்கள். 'நாளைக்கு உயிரோடு விற்றால் நல்ல விலை' என்ற கணக்கில்தான் கிருமி தப்பிப் பிழைக்கிறது. வாரத்தில் ஒரு நாள் எல்லாக் கடையும் சேர்ந்து மூட வேண்டும். ஒரு கடை மட்டும் திறந்திருந்தால் மற்றவர்கள் கழுவியதற்குப் பலன் குறைவு, ஏனென்றால் எச்சமும் இறகும் செருப்பிலும் சக்கரத்திலும் ஒட்டிக்கொண்டு கடைக்குக் கடை போகும்.

வாரச் சந்தையில் விற்காத நாட்டுக்கோழியைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோவது பெரிய ஆபத்து. வேறு வழியே இல்லையென்றால் 14 நாள் தனிக்கூண்டில், தனித் தீவனத் தட்டும் தண்ணீரும் வைத்து, மற்ற கோழிகள் அண்டாத இடத்தில் அடையுங்கள். வளர்ப்பதற்காகச் சந்தையில் வாங்கிய கோழிக்கும் இதே விதிதான்.

வாத்து, காடை, கின்னிக்கோழி, புறா ஆகியவற்றைக் கோழிக்கூண்டின் பக்கத்தில் வைக்க வேண்டாம். வாத்து நோய் எதுவும் காட்டாமலே எச்சத்தில் கிருமியைக் கொட்டும். கேரளத்தின் குட்டநாட்டுப் பக்கம் வாத்துகளில் இந்த நோய் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. கூண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இடையில் தகடு வைத்து, மேல்கூண்டின் எச்சம் கீழே உள்ள கோழியின் மேலும் தண்ணீரிலும் விழாமல் பாருங்கள்.

கழுவும் முறை

இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. எச்சம் காய்ந்து கிடக்கும் கூண்டின்மேல் ப்ளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டு, கிருமி செத்துவிட்டது என்று நம்புகிறார்கள். எச்சமும் இரத்தமும் கொழுப்பும் குளோரினைத் தின்றுவிடும்; அடியில் இருக்கும் கிருமியை அது எட்டவே எட்டாது. சோப்புப் போட்டுத் தேய்ப்பதுதான் பாதிக்கு மேற்பட்ட வேலை. இந்தக் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது, சாதாரணச் சோப்பே அதை உடைக்கும்.

கடைசிக் கோழியும் போன பிறகே தொடங்குங்கள். கோழி இருக்கும்போது வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினால் எச்சம் பொடித்துளியாகக் காற்றில் ஏறும். முதலில் தூசி கிளம்பாமல் லேசாகத் தண்ணீர் தெளித்து, எச்சத்தையும் இறகையும் சுரண்டி, மூடியுள்ள டிரம்மில் போடுங்கள். பிறகு சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, கூரைப்பக்கத்திலிருந்து கீழாகவும், உள்சுவரிலிருந்து சாக்கடைப் பக்கமாகவும் பிரஷால் தேயுங்கள். கூண்டின் அடித்தட்டு, கம்பி முடிச்சு, தண்ணீர் டப்பாவின் உள்விளிம்பு ஆகியவற்றில்தான் அழுக்கு தங்கும். நல்ல தண்ணீரில் அலசித் தண்ணீர் வடியவிடுங்கள். தேங்கிய தண்ணீரோடு மருந்து ஊற்றினால் அது நீர்த்துப்போகும்.

அதன் பிறகு குளோரின் கரைசல். 33 சதவீதக் குளோரின் உள்ள ப்ளீச்சிங் பவுடர் என்றால் 10 லிட்டர் தண்ணீருக்கு 150 கிராம், இது 0.5 சதவீதக் கரைசல். பிளாஸ்டிக் பக்கெட்டில் முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, மீதித் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, வண்டல் அடியில் இறங்கியதும் தெளிந்ததை எடுங்கள். 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவமாக வாங்கினால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர். பத்துக்குப் பத்து அடித் தரைக்கு ஏறக்குறைய ஒரு பக்கெட் ஆகும். குறைந்தது பத்து நிமிடம் ஈரம் காயாமல் நிற்க வேண்டும். பிறகு இரும்புக் கூண்டையும் கத்தியையும் நன்றாக அலசிவிடுங்கள், இல்லாவிட்டால் துருப்பிடிக்கும். கட்டிதட்டி வாசனை போன பவுடர் எதற்கும் உதவாது. கரைசலை அன்றன்றைக்குக் கலக்குங்கள். கழிவறை ஆசிட்டோடு சேர்த்துவிடவே கூடாது, விஷவாயு கிளம்பும்.

கொழுப்புப் படிந்த வெட்டுப்பலகைக்கும் வாய்க்காலுக்கும் சலவைச்சோடா நன்றாக வேலை செய்யும்: ஒரு லிட்டர் வெந்நீருக்கு 40 கிராம். மண்தரையை இப்படிக் கழுவ முடியாது. மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு தூவுங்கள். முடிந்தவர்கள் சிமென்ட் தளம் போட்டுவிடுவதே நல்லது. மூங்கில் கூடையையும் மரப்பெட்டியையும் எவ்வளவு தேய்த்தாலும் இடுக்கு சுத்தமாகாது. அவற்றைக் கைவிட்டு பிளாஸ்டிக் கிரேட்டுக்கு மாறுங்கள். கடைசியாக எல்லாவற்றையும் வெயிலில் காயவையுங்கள். ஈரமும் குளிர்ச்சியும் இருந்தால் எச்சத்தில் கிருமி நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். மழைக்காலத்திலும் மார்கழிக் குளிரிலும் கூடுதல் கவனம் வேண்டும்.

வாசலில் மருந்தில் நனைத்த சாக்கு போடுவது பலருக்குப் பழக்கம். காலை பத்து மணிக்குள் அது காய்ந்துவிடும், அல்லது சேறாகிவிடும். பூட்ஸைப் பிரஷால் கழுவிவிட்டு மிதிக்கிற தொட்டி இருந்தால்தான் பயன்.

வண்டியும் கிரேட்டும்

சந்தையிலிருந்து பண்ணைக்கு நோய் திரும்பிப் போவது பெரும்பாலும் காலி கிரேட்டில்தான். லோடு வண்டியின் கிரேட் கடைக்குள் வரக் கூடாது. வாசலிலேயே கோழியை உங்கள் கூண்டுக்கு மாற்றுங்கள். கிரேட்டும் சக்கரமும் வண்டித்தளமும் கழுவப்படாமல் அடுத்த பண்ணைக்குப் போகக் கூடாது. ஓட்டுநரின் கால்மிதியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். எந்தத் தேதியில், யாரிடமிருந்து, எத்தனை கோழி, எந்த வண்டி எண் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நோய் வந்தால் தடம் பிடிக்க அந்த நோட்டுதான் உதவும்.

வெட்டும் இடம்

உயிர்க்கோழி ஒரு பக்கம், வெட்டுவது நடுவில், கறி விற்பது மறுபக்கம் என்று வேலை ஒரே திசையில் நகரட்டும். கழுத்தை அறுத்த கோழியைத் தரையில் துடிக்கவிடாமல் புனலில் தலைகீழாகச் செருகுங்கள், இரத்தம் தெறிக்காது. இறகு பிடுங்கும் மிஷின் சுழலும்போது நுண்துளிகள் காற்றில் பரவும். அதற்கு மூடி போட்டு, வாடிக்கையாளர் நிற்கும் பக்கம் தடுப்பு வையுங்கள். மிஷினின் ரப்பர் விரல்களைத் தினமும் கழற்றித் தேயுங்கள்.

குடலையும் இறகையும் ஏரிக்கரையில் கொட்டினால் காகமும் நாயும் அவற்றை ஊருக்குள் இழுத்து வரும். 2021 ஜனவரியில் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் காகங்கள் கூட்டமாகச் செத்தது நினைவிருக்கட்டும். குடலையும் இறகையும் பச்சையாக மீன்பண்ணைக்குத் தீவனமாக விற்பதும் வேண்டாம்.

வெட்டுகிறவருக்கு முகக்கவசம், கண்ணாடி, கையுறை, பூட்ஸ், ஏப்ரன் ஆகியவை வேண்டும். அந்த உடுப்போடு வீட்டுக்குப் போகக் கூடாது. கடைக்குள் டீ, வெற்றிலை, பீடி கூடாது. வாடிக்கையாளர் கோழியைக் கையால் தொட்டுப் பார்க்காமல் சுட்டிக்காட்டி வாங்கட்டும்.

கோழி செத்தால்

ஒரே நாளில் பல கோழிகள் திடீரென்று சாவது, கொண்டையும் தாடியும் நீலம் பாரிப்பது, முகம் வீங்குவது, கால்தோலில் இரத்தக் கட்டு இருப்பது ஆகியவை எச்சரிக்கை அடையாளங்கள். வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) என்ற வேறு கோழி நோயும் ஏறக்குறைய இப்படித்தான் கொல்லும். கண்ணால் பார்த்து 'இது வெள்ளைக்கழிச்சல்தான்' என்று முடிவு செய்ய யாராலும் முடியாது. ஆய்வகச் சோதனைதான் சொல்லும். விற்பனையை உடனே நிறுத்துங்கள். உயிரோடு இருப்பதை அவசரமாக வேறு கடைக்குத் தள்ளிவிட வேண்டாம். செத்ததை அறுத்துப் பார்க்காமல் இரட்டைப் பையில் கட்டி, நிழலில் வைத்து, பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் கொடுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணிலும் அழைக்கலாம். மாதிரி போபாலில் உள்ள தேசிய ஆய்வகத்துக்குப் போய் உறுதியாகும். அரசு அழிக்கும் கோழிக்கு இழப்பீடு உண்டு, அதற்கு முன்பே செத்ததற்குக் கிடையாது. ஆகவே தகவலைத் தள்ளிப்போட்டால் பணமும் போகும்.

அந்தக் கோழிகளைத் தொட்டவர்கள் பத்து நாளைக்குத் தங்கள் உடம்பைக் கவனிக்க வேண்டும். காய்ச்சல், இருமல், கண் சிவப்பு, மூச்சுத்திணறல் எது வந்தாலும் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய், 'நோயுள்ள கோழியைக் கையாண்டேன்' என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இந்தக் கிருமியை அடக்கும் ஒசெல்டமிவிர் மாத்திரை அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும்; கோழிக்கடை வேலை என்று தெரியாத மருத்துவர் அதைச் சாதாரணச் சளியாக எடுத்துக்கொள்ளக்கூடும்.