உறைபனி பெயர்த்த தார்த்தளம்: விரிசலையும் குழியையும் நாமே சரிசெய்வது எப்படி?

உறைபனி விழும் ஊர்களில் வீட்டு முகப்புப் பாதையையும் வண்டி நிறுத்துமிடத்தையும் கெடுப்பது பனி அல்ல, விரிசலுக்குள் இறங்கும் தண்ணீர். தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும். பகலில் உருகி இரவில் உறைவது மாறி மாறி நடக்க, விரிசல் அகலமாகும், அடியில் உள்ள ஜல்லிப் படுகை ஊறி இளகும். பிறகு ஒரு நாள் சக்கரம் ஏறியதும் தளம் உள்ளே அமுங்கிக் குழி விழும். அதனால் தண்ணீர் இறங்கும் வழியை அடைப்பதுதான் இங்கே பழுதுபார்ப்பு. மேலே கறுப்பு பூசி மறைத்தால் அடுத்த குளிர்காலத்திலேயே பெயர்ந்து வரும்.

முதலில் எது பழுது என்று பாருங்கள்

மழை விட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத் தளத்தைச் சுற்றி வாருங்கள். மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் விரிசல்கள் மட்டும் ஈரக்கோடுகளாகத் தெரியும். அவற்றைச் சாக்பீஸால் குறித்து அகலத்தை அளந்துகொள்ளுங்கள்.

- 3 மி.மீ.க்குக் குறைவு: சீலர் (தளம் முழுக்க மேலே பூசும் தார்ப் பூச்சு) மட்டுமே போதும்.
- 3 முதல் 12 மி.மீ. வரை: ஊற்றும் வகை கிராக் ஃபில்லர், அதாவது விரிசலை நிரப்பும் தார்க் கலவை.
- 12 மி.மீ.க்கு மேல்: உள்ளே நுரைக்கயிறு திணித்து, அதன்மேல் ஃபில்லர்.
- முதலைத்தோல் போலக் கட்டம் கட்டமாக வெடித்திருந்தால்: அடிப்படுகை போய்விட்டது. எத்தனை வாளி ஃபில்லர் ஊற்றினாலும் நிற்காது. அந்தப் பகுதியை வெட்டி எடுத்துக் குழிபோலவே நிரப்ப வேண்டும்.

எப்போது செய்வது?

தண்ணீர் கலந்த ஃபில்லருக்கும் சீலருக்கும் வெப்பநிலை இரவிலும் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகக் கூடாது. அடுத்த 24 மணி நேரம் மழையும் கூடாது. இந்த வாளிகளைக் குளிர்காலத்தில் சூடில்லாத ஷெட்டில் விட்டுவிடாதீர்கள். ஒருமுறை உறைந்தால் தாரும் தண்ணீரும் பிரிந்துவிடும், கலக்கினாலும் சேராது.

நடுக்குளிரில் குழி விழுந்தால் கோல்டு மிக்ஸ்தான் வழி. சூடாக்காமலே போடக்கூடிய, மூட்டையில் வரும் தார்-ஜல்லிக் கலவை இது. மூட்டையை முந்தின இரவே வீட்டுக்குள் கொண்டுவந்து வையுங்கள். வெளியே கிடந்தால் பாறையாக இறுகிவிடும். இறுகிய கலவையைக் குத்தி நிரப்பினால் உள்ளே காற்றிடைவெளி நிற்கும், அங்கே தண்ணீர் தேங்கும். ஆனால் குளிரில் போட்ட ஒட்டு (குழியை அடைத்த கலவை) தற்காலிகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெயில் வந்ததும் திறந்து பார்க்க வேண்டும்.

விரிசலை அடைத்தல்

புல்லை வேரோடு பிடுங்குங்கள். கம்பி பிரஷால் இருபக்கச் சுவரையும் தேய்த்து, காற்றடித்துத் தூசியை வெளியேற்றுங்கள். விரல் விட்டுப் பார்த்தால் தூள் ஒட்டக் கூடாது. ஃபில்லர் தூசியோடு ஒட்டிக்கொண்டால் தாரைப் பிடிக்காது. தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் ஒரு முழுநாள் காய விடுங்கள்.

நுரைக்கயிறு விரிசலைவிடக் கொஞ்சம் பருமனாக இருக்க வேண்டும். மேல்மட்டத்திலிருந்து 12 மி.மீ. கீழே நிற்கும்படி அழுத்துங்கள். ஃபில்லரை விளிம்பு வரை ஊற்றி, ரப்பர் கட்டையால் இழுத்து விடுங்கள். காயும்போது நடுவில் பள்ளம் விழும். அதனால் மறுநாள் இரண்டாம் முறை ஊற்றுவது கட்டாயம்.

குழியை நிரப்புதல்

இதில் அவசரப்படுபவர்கள்தான் அதிகம். பெயர்ந்து வரும் ஒட்டுகளில் பெரும்பாலானவை ஈரத்தாலும் உதிரும் விளிம்பாலும் போனவை.

1. சுற்று விளிம்பைச் சுத்தியலால் தட்டுங்கள். 'டொக்' என்று உள்ளே வெற்றிடம் இருப்பதுபோலக் கேட்கும் இடம் அடியில் ஒட்டாமல் நிற்கிறது. கெட்டியான சத்தம் வரும்வரை உளியால் வெட்டி, ஓரங்களைச் செங்குத்தாக்குங்கள். சரிவான ஓரத்தில் கலவை அப்பளம்போல மெலிந்து உடைந்துவிடும்.

2. சேறும் இளகிய மண்ணும் முழுவதும் வெளியேறட்டும். 10 செ.மீ.க்கு மேல் ஆழமாகப் போனால், பொடியும் கலந்த 20 மி.மீ. ஜல்லியை 10 செ.மீ. அடுக்குகளாகப் போட்டுத் திமிசுக்கட்டையால் இடியுங்கள். மேலே 8 செ.மீ. ஆழம் மிச்சமிருந்தால் போதும்.

3. செங்குத்து ஓரங்களில் தார் எமல்ஷனை (தண்ணீரில் கலந்த தாரை) மெல்லிசாகப் பூசுங்கள். பூசும்போது பழுப்பாக இருக்கும். கறுப்பாக மாறிய பிறகே கலவையைக் கொட்டுங்கள். குளிர் நாளில் எமல்ஷன் காயாது, அப்போது இந்தப் படியை விட்டுவிடலாம்.

4. கணக்கு: 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 8 செ.மீ. ஆழம் என்றால் 21.6 லிட்டர். இறுகிய கலவை லிட்டருக்குச் சுமார் 2.1 கிலோ என்றால் 45 கிலோ வேண்டும். 25 கிலோ மூட்டை இரண்டு வாங்கினால் மேலே மேடு கட்டவும் கையிருப்பு இருக்கும்.

5. 5 செ.மீ.க்கு மிகாத அடுக்குகளாகப் போட்டு ஒவ்வொன்றையும் ஓரத்திலிருந்து நடுவுக்கு இடியுங்கள். திமிசு அமுங்காமல் துள்ளி எழும்பினால் அந்த அடுக்கு இறுகிவிட்டது. மொத்தத்தையும் ஒரே தடவையில் கொட்டி மேலே இடித்தால் அடிப்பகுதி பஞ்சுபோலவே கிடக்கும்.

6. கடைசி அடுக்கை 1 செ.மீ. மேடாக விட்டு, மேலே பலகை வைத்துக் காரை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். பனி தள்ளும் கத்தி வரும் இடமென்றால் மேட்டை முழுக்க மட்டமாக்குங்கள். துருத்தி நிற்கும் ஒட்டைக் கத்தி ஒரே இழுப்பில் பெயர்த்துவிடும். பிறகு உலர்மணல் தூவினால் சக்கரத்தில் தார் ஒட்டாது.

வண்டி உடனே போகலாம். ஆனால் சில வாரங்களுக்கு ஒட்டின்மேல் வண்டியை நிறுத்தி ஸ்டீயரிங்கைத் திருப்பாதீர்கள், பைக்கின் சைடு ஸ்டாண்டையும் அங்கே ஊன்றாதீர்கள்.

சீலர்

ஒட்டுப் போட்டுக் குறைந்தது ஒரு மாதம் கழித்துப் பூசுங்கள். முதலில் எண்ணெய்க் கறையைச் சோப்புத்தண்ணீரில் தேய்த்தெடுங்கள், அதன்மேல் சீலர் பிடிக்காது. ஒரே கனத்த பூச்சு உரிந்துவிடும், இரண்டு மெல்லிய பூச்சுகள் நிற்கும். 3, 4 ஆண்டுக்கு ஒருமுறை போதும்.

அதே இடத்தில் மறுபடி குழி விழுந்தால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். தளம் மீட்டருக்கு 2 செ.மீ. சரிவோடு வீட்டைவிட்டு விலகி ஓட வேண்டும். கூரைக் குழாய் தளத்தின் ஓரத்தில் கொட்டினால் முதலில் அந்தக் குழாயைத் திருப்பிவிட்டு, அப்புறம் குழியைத் தோண்டுங்கள்.