வன்னியில சுகாதார மோசடி வழக்கு: புதுசா வாற அரச சட்டவாதியள் விடுற பிழையள்

2023 இல அரசாங்க ஆசுபத்திரியளுக்குத் தரமில்லாத இம்யூனோகுளோபுலின் மருந்து வாங்கின கதை வெளிய வந்து, அடுத்த வருசம் பெப்ரவரியில முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல கைதான பிறகு, சட்டம் படிக்கிற பிள்ளையள் கனபேருக்கு அரச சட்டவாதியாகி, அரசாங்கத்துக்காக உப்பிடி வழக்கு நடத்தோணும் எண்டு ஒரு ஆசை வந்திட்டுது. நல்லது, வாங்கோ. ஆனா வன்னி வழக்கெண்டா உங்கட மேசைக்கு வாறது அமைச்சர்மாற்ற ஃபைலா இருக்காது. மருந்துக் களஞ்சியத்தில குறைஞ்ச இன்சுலின், வேலைக்கு வராத நாளுக்கு எடுத்த ஓ.டி (மேலதிக நேரக் காசு), அரச ஊழியரின்ர அக்ரஹார காப்புறுதிக்குப் போட்ட பொய் பில், இப்பிடித்தான் வரும். சின்ன வழக்குத்தானே எண்டு மேலோட்டமாப் பாத்துத்தான் கனபேர் கோட்டை விடுறது.

நெட்டில தேடிப் படிச்சிட்டு வாறது ஒரு பிழை, ஏனெண்டா அங்க கிடக்கிறது முக்கால்வாசி அமெரிக்காக் கதை. அங்க மெடிக்கெயார் எண்டு அரசாங்கமே காப்புறுதி நடத்துது, டொக்டர் பில் அனுப்பித்தான் காசு எடுக்கிறார், அதால செய்யாத வைத்தியத்துக்கு பில் போடுறதுதான் அங்கத்தைய பெரிய மோசடி. 1863 இல வந்த ஃபோல்ஸ் கிளெய்ம்ஸ் (பொய்க் கோரிக்கை) சட்டத்தால நட்டத்தின்ர மூண்டு மடங்கை அறவிடலாம், உள்ளுக்க இருந்து வழக்குப் போட்டவருக்கும் அதில பங்கு உண்டு. எங்கட அரசாங்க ஆசுபத்திரியில நோயாளிக்கு பில்லே இல்லையே. இஞ்ச களவு போறது பொருளும் சம்பளக் காசும். அதுக்கு எங்கட பழைய தண்டனைச் சட்டக்கோவையும், 1982 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்கப் பொதுச் சொத்துச் சட்டமும், இலஞ்ச ஊழலெண்டா 2023 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கச் சட்டமும்தான். களஞ்சியப் பொறுப்பாளர் தன்னை நம்பித் தந்த மருந்தை எடுத்தா அது நம்பிக்கை மோசடி, பொய் பில் குடுத்துக் காசு எடுத்தா அது ஏமாற்றுதல், ரெண்டையும் குழப்பிக் குற்றப்பகர்வுப் பத்திரம் தயாரிச்சா எதிரி தரப்பு வக்கீலுக்கு நீங்களே கதவைத் திறந்து விட்ட மாதிரி.

இனி முக்கியமான விசயத்துக்கு வாறன். கணக்கில குறையுது எண்டதும் களவு எண்டதும் ஒண்டில்லை. ஓடிற்றர்மார் வந்து இருப்புப் புத்தகத்தையும் றாக்கையில இருக்கிறதையும் பாத்து இத்தினை குறையுது எண்டு எழுதுவினம். புதுசா வந்த சட்டவாதி அந்த அறிக்கையைக் கையில வச்சுக்கொண்டு வழக்கு முடிஞ்சுது எண்டு நினைப்பார். அந்த ஆசுபத்திரி எப்பிடி ஓடினது எண்டு ஆரும் விசாரிச்சதா? 2022 இல மருந்துத் தட்டுப்பாடு வந்த நேரம் ஒரு ஆசுபத்திரி மற்ற ஆசுபத்திரிக்கு ஃபோன் கதைச்சு, ஆம்புலன்ஸ் ட்ரைவரிட்ட குடுத்து விட்டு, துண்டு பிறகு அனுப்புறம் எண்டு சொல்லி, அந்தத் துண்டு வராமலே போன இடங்கள் இருக்கு. மருந்தாளர் ஒருத்தர்தான், அவரே கவுன்டரிலயும் நிக்கோணும் களஞ்சியமும் பாக்கோணும் கொப்பியும் எழுதோணும் எண்டா மாதக் கடைசியிலதான் எல்லாத்தையும் சேர்த்து எழுதுவார். அது பிழைதான், ஒழுக்காற்று விசாரணைக்குப் போகலாம், ஆனா நேர்மையில்லாத எண்ணம் இருந்தது எண்டு அதை வச்சு நிரூபிக்கேலாது.

எண்ணத்தைக் காட்டுறது வேற இடத்தில கிடக்கும். இருப்புப் புத்தகத்தைத் தனிய வாசிக்காதேங்கோ. வழங்கல் துண்டில வாட் நேர்ஸின்ர கையெழுத்து இருக்கெல்லோ, அந்தத் திகதியை எடுத்துக்கொண்டு வரவுப் பதிவேட்டைப் பாருங்கோ, அந்த அக்கா அண்டைக்கு லீவில நிண்டிருப்பா. வாட்டுக்கு இருபது இன்சுலின் குப்பி குடுத்ததெண்டு எழுதியிருக்கும், நோயாளியளின்ர டிக்கெட்டுகளை (வைத்தியக் குறிப்பு எழுதுற தாளுகள்) பிரிச்சுப் பாத்தா அந்தக் கிழமை வாட்டில சீனி வருத்தக்காரர் ரெண்டு பேர்தான். அப்பிடி ஒரு துண்டு கிடைச்சா தற்செயல் எண்டு சொல்லலாம், மாதாமாதம் கிடைச்சா சொல்லேலாது. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின்ர 34 ஆம் பிரிவும் இதைத்தான் சொல்லுது, கணக்குப் புத்தகப் பதிவு மட்டும் ஒருத்தரைப் பொறுப்பாக்கப் போதாது. ஓடிற்றரையும் அறிக்கையோட விட்டிடாமல் சாட்சிப் பெட்டியில ஏத்தோணும், அந்தக் கையெழுத்து ஆற்றை எண்டு சொல்லத் தெரிஞ்ச ஆளையும் ஏத்தோணும்.

எதிரியே ஒத்துக்கொண்டிட்டாரே எண்டு சாய்ஞ்சு இருக்கிறதும் உண்டு. பொலிசிட்ட ஒத்துக்கொண்டது அதே சாட்சியக் கட்டளைச் சட்டத்தின்ர 25 ஆம் பிரிவால வெளிய போயிடும். திணைக்கள விசாரணையில மேலதிகாரி, உண்மையச் சொன்னா வேலை தப்பும் தம்பி எண்டு சொல்லி எழுதி வாங்கின கடிதத்தையும், ஆசை காட்டி வாங்கின ஒப்புதல் எண்டு 24 ஆம் பிரிவு தள்ளிப்போடும். அந்தக் கடிதத்தை ஒரு துப்பு மாதிரி வச்சுக்கொண்டு மற்றச் சான்றைத் தேடுங்கோ.

எங்கட பக்கத்துக்கெண்டே ஒரு பிழை இருக்கு, கொழும்பில இருந்து வாறவைக்கு இது லேசில விளங்காது. சிற்றூழியர் அம்மா தமிழில சொல்லுவா, பொலிஸ்காரர் சிங்களத்தில எழுதுவார், வாசிச்சுக் காட்டினது, சரி எண்டு ஏத்துக்கொண்டது எண்டு கீழ ஒரு வரி, அதுக்குக் கீழ அவவின்ர கையெழுத்து. அவ சொன்னது மருந்துப் பெட்டி வெளிய கிடந்ததைக் கண்டன் எண்டு மட்டும். எழுதியிருக்கிறது எதிரி பெட்டியை வானுக்குள்ள ஏத்தினதைக் கண்டன் எண்டு. கோட்டில அவ உண்மையத்தான் சொல்லுவா, எதிரி தரப்பு அந்த முரண்பாட்டைக் குறிச்சுக் கொண்டு உங்கட சாட்சியை உடைச்சுப்போடும். ஆகையால மொழிபெயர்ப்பை நம்பி வழக்குக்குப் போகாதேங்கோ, முதலே அந்த அம்மாவோட தமிழில இருந்து கதையுங்கோ, சொல்லிக் குடுக்கிறதுக்கில்லை, அவ என்ன கண்டவ எண்டு நீங்கள் தெரிஞ்சுகொள்ள.

சாட்சியளைப் பற்றி இன்னுமொண்டு. சின்ன ஊர், எதிரியும் சாட்சியும் ஒரே கோயில் திருவிழாவில நிப்பினம், அவற்ற மனிசி இவவுக்கு மச்சாள் முறையா இருக்கும். மேலிடத்துக்கு எதிராச் சொன்னா தூர இடத்துக்கு மாத்தம் வருமெண்ட பயம் வேற. 2023 ஆம் ஆண்டு 10 ஆம் இலக்கச் சாட்சியாளர் பாதுகாப்புச் சட்டத்தில பாதுகாப்புக் கேக்கலாம், வேற இடத்தில இருந்து வீடியோவில சாட்சி சொல்லவும் வழி இருக்கு. ஆனா அதைச் சாட்சிக்கு ஆரும் சொல்லுறேல்லை. வழக்கைத் தவணை போட்டா அதையும் முதல் நாளே ஃபோனில சொல்லிவிடுங்கோ, துணுக்காய்ப் பக்கத்தில இருந்து விடியக்காலமை பஸ் ஏறி, ஒரு நாள் சம்பளத்தையும் விட்டிட்டு வந்து, அடுத்த தவணைக்கு வாங்கோ எண்டு ரெண்டு தரம் திருப்பி அனுப்பின ஆள் மூண்டாந்தரம் எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை எண்டுதான் சொல்லுவார்.