சுபேதார் தாத்தாவைத் தேடி ஊருக்குப் போகிறவர்களுக்கு

இரண்டாம் உலகப் போரில் இறந்த தாத்தாவைப் பற்றி விசாரிக்க வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகிறீர்களா? டிக்கெட் போடும் முன் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடிவிடுங்கள். காசு கிடையாது. படை எண், பதவி, படைப்பிரிவு, இறந்த தேதி கிடைக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் அப்பா பெயரும் ஊரும் இருக்கும். நம் பெயர்களை அன்றைய கிளார்க்குகள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள், பல விதமாக அடித்துப் பாருங்கள். பர்மாவில் இறந்து சமாதி தெரியாமல் போனவர்களின் பெயர்கள், ஏறக்குறைய 27,000, ரங்கூனுக்கு வடக்கே தௌக்கியான் கல்லறைத் தோட்டத்தில் உள்ள நினைவுச் சின்னத்தில் இருக்கின்றன. அப்பாவைப் பெற்ற பாட்டியின் கூடப்பிறந்தவரான எங்கள் சுபேதார் தாத்தாவும் அங்கேதான்.

பதிவில் 'வட ஆற்காடு' என்று இருந்தால் நேரே வேலூருக்கு ஓடாதீர்கள். அந்த மாவட்டம் 1989இல் இரண்டானது; மிஞ்சிய வேலூர் 2019இல் மூன்றானது. உங்கள் ஊர் இன்று எந்த மாவட்டம் என்று பார்த்துக்கொண்டு முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். நான் போன அலுவலகத்தில் 1944இல் இறந்தவருக்கு வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள்.

பணி விவரத்தைப் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்தில் கேட்க வேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் எனும் பொறியாளர் படை என்றால் பெங்களூரு. வெறும் கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம்தான். அது இந்தியக் குடிமக்களுக்கு மட்டும். பாஸ்போர்ட்டை மாற்றிக்கொண்ட நம்மால் கட்டணத்துக்கான பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரை இணைத்து மனுப்போட முடியாது. ஊரில் இருக்கும் சொந்தக்காரர்தான் கையெழுத்துப் போட வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

தாத்தாவின் மகன், எனக்கு மாமா முறை, எண்பதைத் தாண்டியவர். மனுவை வாங்கிப் பார்த்தார், மடித்துத் தலையணைக்கடியில் வைத்தார். "இத்தன வருசம் கழிச்சு எதுக்கு? கெணத்துமேட்டு நெலத்துல உங்க பாட்டி பங்கக் கேக்கவா?" நிலத்தில் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால்தான் கையெழுத்து என்றார். அது சார்பதிவாளர் அலுவலக வேலை. அப்பாவும் அத்தைகளும் உயிரோடு இருக்கும்போது நான் எதை எழுதிக் கொடுப்பது? சொன்னால் மழுப்புகிறேன் என்றார். தினமும் காபி கொடுத்தார்கள், மனுவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. எனக்கும் எரிச்சல் வந்து ஒருநாள் குரலை உயர்த்திவிட்டேன். "அப்பன் மூஞ்சியே பாக்காதவன் நான். வருசா வருசம் திதி குடுக்கறதும் நான். நீங்க ஒருத்தராவது வந்தீங்களா மாப்ளே?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நிலத்தைப் பற்றி அவர் பேசியதற்கு மட்டும்தான் இருந்தது.

ஆகவே, போகும் முன்பே உங்கள் வீட்டுப் பெரியவர்களை ஊருக்குப் போன் போட்டு நிலப் பேச்சை முடிக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அப்பா பேசிய பிறகுதான் மனு வெளியே வந்தது. போகும்போது கல்லறை ஆணையப் பதிவைத் தமிழில் எழுதி அச்செடுத்துக் கொண்டுபோங்கள், ஊரில் இருப்பவர்களுக்கு அதுவே புதுச் செய்தியாக இருக்கும். தகவல் உரிமைப் பதிலுக்குச் சட்டப்படி 30 நாள், வருவதும் மனுப்போட்டவர் விலாசத்துக்கே. அதற்குள் நீங்கள் விமானம் ஏறியிருப்பீர்கள். தபால் வந்ததும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப அந்த வீட்டுப் பிள்ளைகளில் ஒருவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.