ஆத்தங்குடி டைல்ஸ் ஏற்றுமதி: தூதரக வணிகப் பிரிவை அணுகும் முறை

தூதரகம் பெரிய கம்பெனிகளுக்குத்தான் என்று காரைக்குடிப் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுங்க வேண்டாம். வெளிநாட்டு இந்தியத் தூதரகங்களின் வணிகப் பிரிவு சிறு ஏற்றுமதியாளருக்கும் உரியதுதான்.

முதலில் ஐ.இ.சி. எண் (ஏற்றுமதி, இறக்குமதி செய்பவருக்கான பதிவு எண்) வாங்குங்கள். அடுத்தது எச்.எஸ். கோடு, அதாவது சரக்கு எந்த வகை என்று சுங்கத்துக்குச் சொல்லும் எண். அதிகம் சறுக்குவது இங்கேதான். ஆத்தங்குடி டைல்ஸ் சூளையில் சுடாதது. கண்ணாடிமேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. ஆகவே சிமெண்ட் பொருளுக்கான, 6810 என்று தொடங்கும் கோடில் வரும். ‘டைல்ஸ்’ என்ற பெயரைப் பார்த்து செராமிக்குக்கான 6907 போட்டால், வரி விவரமும் இறக்குமதியாளர் பட்டியலும் வேறு சரக்குக்கானதாக வந்து சேரும். முதல் 6 இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. அதற்கு மேல் நாட்டுக்கு நாடு மாறும்.

பிறகு வணிகப் பிரிவுக்கு எழுதுங்கள். மின்னஞ்சல் ஒரு பக்கம் போதும். நீள அகலம், கனம், ஒரு கல்லின் எடை, மாதம் எத்தனை சதுர அடி தர முடியும் என்று எழுதுங்கள். “ஆள் பிடித்துக் கொடுங்கள்” என்று கேட்காதீர்கள். இறக்குமதி வரி எவ்வளவு, எந்தத் தரச்சான்று தேவை, இதே கோடில் யார் வாங்குகிறார்கள் என்று கேளுங்கள்.

புது ஆளிடமிருந்து ஆர்டர் வந்தால், சரக்கு ஏற்றுமுன் அந்த நிறுவனம் உண்மையில் இயங்குகிறதா என்று தூதரகத்தை விசாரிக்கச் சொல்லுங்கள். பணம் வராமல் நின்றுபோனால், ஒப்பந்தம், இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங் (சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்கான ரசீது) எல்லாம் அனுப்பினால் தூதரகம் எதிர்த்தரப்பிடம் பேசிப் பார்க்கும். வசூலித்துத் தரும் அதிகாரம் அதற்கு இல்லை.