சுண்ணாம்புப் பூச்சைக் காற்றில் இறுகவிடும் முறை

பழைய சுண்ணாம்புச் சுவரில் காரை பெயர்ந்த இடத்தைச் சுண்ணாம்புச் சாந்தாலேயே பூச முடிவு செய்தவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, அந்தச் சாந்து வெறுமனே காய்வதால் கல்லாவதில்லை என்பதே. சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடும்போது அதிலுள்ள கரியமில வாயு வெளியேறுகிறது. சுட்டதை நீர் விட்டு நீற்றி, மணலோடு குழைத்துச் சுவரில் பூசிய பின், இழந்த அதே வாயுவைக் காற்றிலிருந்து மீண்டும் பெற்று அது இறுகுகிறது. 74 கிராம் நீற்றிய சுண்ணாம்பு முழுவதும் மாறி முடிந்தால் 100 கிராம் எடையுள்ள கல்லாகும்.

நீற்றிய சுண்ணாம்பைத் தொட்டியில், மேலே நீர் நிற்கும்படி வைத்திருங்கள். அந்த நீர் காற்றைத் தடுப்பதால் சுண்ணாம்பு மாதக்கணக்கில் இறுகாது; நாள்பட நாள்பட வழவழப்பும் கூடும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மண் கலவாத மணல் சேர்க்கலாம். நீற்றும்போது கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், ஏனெனில் கொதித்துத் தெறிக்கும் சுண்ணாம்பு பார்வையையே பறித்துவிடும்.

பழைய சுவரை நனைத்துவிட்டு, ஒரு பூச்சுக்கு 10 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் பூசுங்கள். காற்றில் கரியமில வாயு சுமார் 0.04 விழுக்காடுதான். அது நுண்துளைகள் வழியே உள்ளே சென்று, அங்குள்ள ஈரத்தில் கரைந்தால்தான் சுண்ணாம்போடு வினைபுரியும். பூச்சு அடியோடு காய்ந்துவிட்டால் வினை நின்று, தொட்டால் பொடியாக உதிரும். துளைகள் முழுக்க நீர் நிரம்பியிருந்தாலோ வாயு நுழைய வழியிருக்காது. சிமெண்ட் நீரோடு வினைபுரிந்து இறுகுவது என்பதால் அதற்கு நீர் விட்டு ஊறவைப்பது சரி; அந்தப் பழக்கத்தில் சுண்ணாம்புப் பூச்சின்மேலும் குழாய் வைத்து நீர் அடிப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. பூச்சின்மேல் படாமல் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, காலையும் மாலையும் லேசாக நீர் தெளித்தால் போதும். கத்திரி வெயிலில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

அடுத்த பூச்சுக்கு முன், ஓரத்தில் சிறு துண்டைப் பெயர்த்து, புதிதாக உடைந்த முகத்தில், காரம் இருப்பதை நிறத்தால் காட்டும் ஃபீனாஃப்தலீன் கரைசலைச் சொட்டுங்கள். இளஞ்சிவப்பாக மாறும் பகுதி இன்னும் காற்றை ஏற்காதது. நிறம் மாறாமல் இருப்பது கார்பனேற்றம், அதாவது கரியமில வாயுவை ஏற்று இறுகும் மாற்றம், முடிந்தது. இந்த மாற்றம் உள்ளே போகப்போக மெதுவாகும்: முதல் 5 மில்லிமீட்டருக்கு ஆன காலத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு அடுத்த 5 மில்லிமீட்டருக்கு ஆகும். அவசரப்பட்டு அடுத்த பூச்சைப் போட்டால் உள்பூச்சுக்குக் காற்று கிடைப்பது இன்னும் தாமதமாகும்.

கம்பி வைத்த கான்கிரீட்டில் இதே சோதனையின் பொருள் தலைகீழாகிறது. புதிய கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. கார்பனேற்றம் அந்தக் காரத்தைக் குறைத்துவிடுகிறது. நிறம் மாறாத ஆழம் கம்பியை எட்டியிருந்து, கம்பியும் துருப்பிடித்திருந்தால், மேலே பூசி மறைக்காதீர்கள். பொறியாளரிடம் காட்டி, கம்பியின் பின்புறம்வரை கொத்தியெடுத்துத் துருவை நீக்கிய பிறகே புதிய கலவையை இட வேண்டும். கம்பியில்லாத சிமெண்ட் பூச்சுக்கு இந்தக் கவலை இல்லை.

சுண்ணாம்புப் பூச்சில் சோதித்த இடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே சாந்தால் அடைத்துவிடுங்கள்.