மிச்சிகன் சிட்டி லைட்ஹவுஸ் பாக்கப் போறீங்களா? முதல் தடவை போறவங்களுக்கு

சிகாகோல இருந்து காலையில கிளம்பி ராத்திரிக்குள்ள வீட்டுக்கு வந்துடுற மாதிரி ஒரு இடம் சொல்லுங்கன்னு யார் கேட்டாலும் நான் மிச்சிகன் சிட்டியத்தான் சொல்வேன். பேரைப் பாத்துட்டு மிச்சிகன் மாநிலத்துல தேடாதீங்க, இது இண்டியானா. மிச்சிகன் ஏரியோட தெக்குக் கரையில சின்ன ஊரு, ஆனா ஒரே துறைமுகத்துக்கு ரெண்டு பழைய லைட்ஹவுஸ் இருக்கு. கரையில இருக்குறது 1858ல கட்டின வீடு, இப்ப மியூசியம். தண்ணிக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்குற நடைமேடை (பியர்) முனையில இருக்குறது 1904.

ஸ்டெப் 1: காத்து எப்படின்னு பாருங்க

மழை வருமான்னு பாத்தா மட்டும் பத்தாது. ஏரின்னதும் நமக்கு போரூர் ஏரி, வீராணம் ஏரின்னுதான் தோணும், இது அந்தக் கணக்குல வராது, வடக்கு தெக்கா கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர் நீளம், எதிர்க்கரையே தெரியாது. வடக்குக் காத்து பலமா அடிக்குற அன்னைக்கு அலை பியர் மேல ஏறி அந்தப் பக்கம் விழும். பீச்சுல சிவப்புக் கொடி ஏத்தியிருந்தா பியர் பக்கமே போகாதீங்க, போட்டோ இன்னொரு நாள் எடுத்துக்கலாம். பனிக்காலத்துல ஐஸ் மூடி அழகா இருக்கும், அப்பவும் கரையில நின்னே பாருங்க.

ஸ்டெப் 2: திங்கக்கிழமை வேண்டாம்

நான் முதல் தடவை போனது ஒரு திங்கக்கிழமை, மியூசியம் பூட்டியிருந்துச்சு, என் தப்புதான், பாக்காம போயிட்டேன். குளிர் மாசங்கள்லயும் திறந்திருக்காது, அதனால ஒரு போன் போட்டுக் கேட்டுட்டே கிளம்புங்க.

கார் இல்லாட்டியும் கவலையில்ல. சிகாகோ மில்லேனியம் ஸ்டேஷன்ல சவுத் ஷோர் லைன் ட்ரெய்ன் ஏறி, மிச்சிகன் சிட்டியில 11வது தெரு ஸ்டேஷன்ல இறங்கி, ஃபிராங்க்ளின் தெருவுல வடக்கு பாத்து நடந்தா ட்ரெயில் கிரீக் ஆத்துப் பாலம் வரும். பாய்மரப் படகு வந்தா பாலம் தூக்கிக்கும், கொஞ்சம் நிக்க வேண்டியிருக்கும், அதுவே வேடிக்கையாத்தான் இருக்கும். தாண்டினா வாஷிங்டன் பார்க், மியூசியமும் பியரும் அங்கதான். கார்ல போறவங்க வெயில் காலத்துல பார்க்கிங் காசு கட்டணும். ஆங், இன்னொண்ணு, இண்டியானாவுல பெரும்பாலான ஊர் ஒரு மணி நேரம் முன்னாடி ஓடும், ஆனா இந்தப் பக்கம் சிகாகோ நேரம்தான், வாட்ச்ச மாத்தாதீங்க.

ஸ்டெப் 3: மியூசியத்துக்கு முதல்ல போங்க

எல்லாரும் பண்ற தப்பு, இறங்கினதும் பியருக்கு ஓடுறது. நாங்களும் ஒரு தடவை அப்படித்தான் ஓடினோம். பியர் நெடுக தலைக்கு மேல ஒரு இரும்பு நடைபாதை போகும், மாமனார் அதைப் பாத்துட்டு, "ஏன் மாப்ள, கீழ நடக்க இவ்ளோ அகலமா இடம் இருக்கு, மேல எதுக்கு இன்னொரு பாதை?"ன்னு கேட்டாரு. நான் ஏதோ கரண்ட் வயர் போறதுக்கு இருக்கும்னு அடிச்சு விட்டேன்.

பதில் அந்த 1858 வீட்டுக்குள்ள இருக்கு. ஹேரியட் கோல்ஃபாக்ஸ்னு ஒரு அம்மா 1861ல இருந்து 1904 வரைக்கும், 43 வருஷம், இங்க விளக்குக் காவலரா இருந்தாங்க, வேலைய விடும்போது வயசு 80. வீட்டு உச்சியில இருந்த விளக்கோட பியர் முனை விளக்கையும் அவங்கதான் ஏத்தணும். அப்போ எரிச்சது பன்றிக் கொழுப்புல எடுத்த எண்ணெய். அடுப்புல சூடு பண்ணி எடுத்துக்கிட்டு போவாங்க, குளிர்ல முனைக்குப் போய் சேர்றதுக்குள்ள உறைஞ்சுடும், திரும்பி வந்து மறுபடி சூடு பண்ணணும். நம்ம வீட்டுத் தேங்காய் எண்ணெய் மார்கழியில உறையுறத நினைச்சுக்கோங்க, இவங்களுக்கு அது புயல் காத்துல, ராத்திரியில. அலை பியர் மேல ஏறுற நாள்ல விளக்குக்காரங்க கீழ நடக்க முடியாது, அதுக்குத்தான் மேல பாதை.

அங்கயே ஃபிரனெல் லென்ஸ் வெச்சிருக்காங்க, அதை அவசரப்படாம பாருங்க. கண்ணாடிப் பட்டை பட்டையா அடுக்கி கூடு மாதிரி இருக்கும். நாலா பக்கமும் சிதறுற வெளிச்சத்த ஒவ்வொரு பட்டையும் வளைச்சு ஒரே மட்டத்துல ஏரிப் பக்கம் அனுப்பும், அதான் சின்ன விளக்கே ரொம்ப தூரம் தெரிஞ்சுது. 1904ல இதே லென்ஸத்தான் இங்க இருந்து கழட்டி புது லைட்ஹவுஸுக்கு கொண்டு போனாங்க, பின்னாடி திரும்ப இங்கயே வந்துடுச்சு. இப்ப இந்த வீட்டு மேல இருக்குற விளக்குக் கூண்டு 1973ல வெச்ச நகல்.

ஸ்டெப் 4: இப்ப பியர்

கிரிப் இருக்குற ஷூ போடுங்க, செருப்பு வேண்டாம். குழந்தைங்க கைய விடாதீங்க, ஓரத்துல கம்பி எதுவும் கிடையாது. பியர ஒட்டி குளிக்கவே கூடாது, செவுத்தோரமா ஒரு நீரோட்டம் இருக்கும், நீச்சல் தெரிஞ்சவங்களையே இழுத்துட்டுப் போயிடும். முனையில சிவப்புக் கூரை போட்ட எட்டுப்பட்டை கோபுரம், உள்ள விட மாட்டாங்க, மேல இருக்குற நடைபாதையிலயும் ஏறக்கூடாது. வெயில் தெளிவா இருந்தா தூரத்துல சிகாகோ கட்டடங்க தீக்குச்சி நட்டு வெச்ச மாதிரி தெரியும்.

ஸ்டெப் 5: போட்டோ

முனைக்குப் போயிட்டா கோபுரம் ஃப்ரேம்ல அடங்காது. பியர்ல பாதி தூரத்துல நின்னு, இரும்புப் பாதையோட கால்கள் வரிசையா முனை வரைக்கும் போற மாதிரி எடுங்க. மேற்குப் பக்கம் திருப்பினா ஒரு ராட்சச சிமெண்ட் கூம்பு ஃப்ரேம்ல வந்து நிக்கும், அது அணு உலை இல்ல, நிலக்கரி மின்நிலையத்தோட கூலிங் டவர். ஜூன், ஜூலைல சூரியன் தண்ணியிலயே இறங்குறதப் பாக்கலாம், ஆனா அப்போ இருட்டவே எட்டரை ஆயிடும், ட்ரெய்ன்ல வந்தவங்க கடைசி வண்டி எத்தனை மணிக்குன்னு காலையிலயே போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.