கொலுசுப் பட்டறைக்கு வெப்சைட்டா? இரண்டாம் வருஷச் செலவை முதலில் எழுதுங்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் மாமா கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். நாலு வருஷத்துக்கு முன்னால் பதினைந்தாயிரம் ரூபாய் கொடுத்து வெப்சைட் போட்டார், எல்லாம் அதிலேயே அடக்கம் என்று பேச்சு. ஒரு வருஷம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ஒருநாள் மதுரையிலிருந்து ஒரு கடைக்காரர் போன் செய்து “உங்க சைட் திறக்கவே மாட்டேங்குதே” என்று கேட்டபோதுதான் டொமைன், அதாவது சைட்டின் இணைய முகவரி, காலாவதியானதே எங்களுக்குத் தெரிந்தது. டொமைன் மாமா பெயரில் இல்லை, செய்து கொடுத்தவருடைய ஈமெயிலில் பதிவாகியிருந்தது, அவர் போனையே எடுக்கவில்லை. விசிட்டிங் கார்டு, கொலுசுப் பெட்டி, பில் புத்தகம் என்று எல்லாவற்றிலும் அந்த முகவரியைத்தான் அச்சடித்து வைத்திருந்தோம். அத்தனையையும் மாற்றிய செலவு வெப்சைட் போட்ட செலவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது.

அதனால் சேலத்தில் யார் என்னிடம் வெப்சைட் பட்ஜெட் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: வெப்சைட் என்பது ஒருமுறை மாட்டிவிட்டு மறந்துவிடும் கடை போர்டு இல்லை, கடை வாடகை மாதிரி. ஒரு தாளில் இரண்டாம் வருஷம் என்று தலைப்புப் போட்டு அந்தக் கணக்கை முதலில் எழுதுங்கள்.

டொமைனை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வருஷம் சலுகை விலையில் நூறு, இருநூறு ரூபாய்க்குக்கூடக் கிடைக்கும், புதுப்பிக்கும்போது ஆயிரத்தைத் தாண்டலாம், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஹோஸ்டிங்கில், அதாவது சைட்டை வைக்க இணையத்தில் எடுக்கும் வாடகை இடத்தில், இன்னும் கவனம் வேண்டும். மாதம் இவ்வளவுதான் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும் விலை பெரும்பாலும் மூன்று நாலு வருஷப் பணத்தை மொத்தமாகக் கட்டினால்தான் கிடைக்கும், புதுப்பிக்கும்போது அது இரண்டு மடங்கு மூன்று மடங்கு ஆவது சகஜம், அந்தப் புதுப்பிப்பு விலை அதே பக்கத்தில் கீழே சின்ன எழுத்தில் இருக்கும், அதைத் தேடிப் பிடித்து எழுதுங்கள். சைட்டுக்கும் பார்ப்பவருக்கும் நடுவே போகும் தகவலைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனியாக யாராவது காசு கேட்டால் ஏன் என்று கேளுங்கள், லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது, சின்னக் கடைக்கு அது போதும்.

இப்போது மாமாவின் புதுக் கணக்கைச் சொல்கிறேன். சைட் செய்யக் கூலி 18,000, டொமைன் 1,000, ஹோஸ்டிங் 4,000, ஆக முதல் வருஷம் 23,000. இரண்டாம் வருஷம் டொமைன் 1,200, ஹோஸ்டிங் 6,000, படம் மாற்ற, பழுது பார்க்க ஒருவருக்கு 4,000, ஆக 11,200. மாதத்துக்குக் கிட்டத்தட்ட 935 ரூபாய். இந்தப் பணம் வர மாதம் எத்தனை ஜோடி கூடுதலாக விற்க வேண்டும் என்று ஒரு ஜோடிக்குக் கிடைக்கும் செய்கூலியை வைத்து மாமா மனக்கணக்குப் போட்டுப் பார்த்தார், வரும் என்று தோன்றியதால்தான் இறங்கினோம். உங்களுக்கு அந்தக் கணக்கு வரவில்லையென்றால் இந்த வருஷம் வெப்சைட்டே வேண்டாம். கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்வதும், வாட்ஸ்அப் பிசினஸில் கேட்டலாக் போடுவதும் இலவசம், அதை ஆறு மாதம் ஒழுங்காகச் செய்து பாருங்கள்.

சைட் செய்யும் கூலி ஏறுவது எத்தனை பக்கம் என்பதில் இல்லை, சைட்டிலேயே பணம் வாங்குகிறீர்களா என்பதில்தான். கொலுசுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. வெள்ளி விலை தினமும் மாறுகிறது, ஒவ்வொரு ஜோடிக்கும் விலையைத் தட்டி வைத்தால் மறுநாளே அது தப்பான விலை. கிராம் எடையும் செய்கூலியும் உள்ளே இருக்க வேண்டும், அன்றைய ரேட்டை ஒரே இடத்தில் மாற்றினால் எல்லா விலையும் மாறிவிட வேண்டும், இதை கொட்டேஷன் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள், பாதியில் சொன்னால் தனிக் காசு. மாமாவுக்கு மொத்த வியாபாரம்தான் அதிகம் என்பதால் நாங்கள் விலையே போடவில்லை, எடையும் டிசைன் நம்பரும் வாட்ஸ்அப் பட்டனும் மட்டும். அதிலேயே நல்ல காசு மிச்சமானது.

ஏற்காட்டில் காபித்தூளும் மிளகும் பாக்கெட் போட்டு விற்கிறவர்களுக்கு ஆன்லைன் பேமென்ட் தேவைப்படும். கார்டில் வரும் பணத்துக்கு கேட்வே, அதாவது சைட்டில் பணத்தை வாங்கி உங்கள் கணக்குக்கு அனுப்பும் சேவை, சுமார் 2 சதவீதம் பிடிக்கும், ஆயிரம் ரூபாய்க்கு விற்றால் 20 ரூபாய் போய்விடும், அந்தக் கட்டணத்துக்கு மேல் ஜிஎஸ்டியும் வரலாம். வங்கிக் கணக்கிலிருந்து நேராக வரும் யூபிஐ பணத்துக்கு 2020 ஜனவரியிலிருந்து எம்டிஆர், அதாவது வியாபாரியிடம் பிடிக்கும் கட்டணம், கிடையாது, ஆனாலும் கேட்வேக்காரர்கள் தங்கள் சேவைக்கு என்று தனியாகப் போடலாம், ரேட் கார்டைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கூரியர் செலவையும் சேர்த்துப் பார்த்தால் கால் கிலோ பாக்கெட் ஒன்றை மட்டும் அனுப்புவது பெரும்பாலும் கட்டாது, குறைந்தது ஒரு கிலோ ஆர்டர் என்று வைக்கலாம். மலையில் ஹோம்ஸ்டே வைத்திருக்கிறவர்கள் முதல் வருஷமே புக்கிங் சாப்ட்வேர் வாங்க வேண்டாம். போனில் வரும் புக்கிங்கை அதில் உடனுக்குடன் ஏற்றாவிட்டால் மே மாத சீசனில் ஒரே அறையை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடும் ஆபத்து உண்டு, போனில் பேசி உறுதி செய்வதே நல்லது.

போட்டோவுக்குச் செலவு வேண்டாம். காலை வெயில் நேராக விழாத திண்ணையில் வெள்ளைச் சார்ட் பேப்பரை விரித்து, கொலுசை வைத்து, பிளாஷ் போடாமல் போனில் எடுங்கள், பளபளப்பு கண்ணைக் கூசாமல் டிசைன் தெரியும். ஏற்றும் முன் ஒவ்வொரு படத்தையும் 200 கேபிக்குள் சுருக்குங்கள், மலைப்பாதையில் சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்திலும் பக்கம் திறக்க வேண்டும்.

பணத்தை ஒரேயடியாகக் கொடுக்காதீர்கள். 40 சதவீதம் அட்வான்ஸ், உங்கள் போனில் சைட்டைத் திறந்து பார்த்த பிறகு 40, கடைசி 20 சதவீதம் எல்லா பாஸ்வேர்டும் கைக்கு வந்த பிறகுதான். டொமைன் உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில், உங்கள் போனுக்கு ஓடிபி வருகிற மாதிரி இருக்க வேண்டும், கூடுமானால் நீங்களே உட்கார்ந்து வாங்குங்கள், பத்து நிமிஷ வேலை. காலாவதித் தேதிக்கு 45 நாள் முன்னால் வீட்டில் இரண்டு பேர் போனில் ரிமைண்டர் வையுங்கள். தேதி தாண்டிய டாட் காம் பெயரை மீட்கும் கட்டத்துக்குப் போனால் சாதாரணப் புதுப்பிப்பைப் போலப் பல மடங்கு கேட்பார்கள், அதையும் விட்டால் பெயர் யார் கைக்கு வேண்டுமானாலும் போகும். மாமாவின் பழைய முகவரியில் இப்போது யாரோ ஒருவருடைய விளம்பரம்தான் வருகிறது.